பதின்மூன்று ஆக்சிஜன்

வேதிச் சமன்பாட்டின் நடுவில் சமன்குறி இருக்கிறது என்று நாட்டில் பெரும்பாலானோர் நம்புகிறார்கள். பட்டம் வாங்கியவர்கள், சட்டைப்பையில் பேனா குத்தியிருப்பவர்கள், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர்கள்கூட இதில் அடக்கம். இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே பிழையானது என்றும், இதைத் திருத்தாமல் இன்னொரு தலைமுறையை வளரவிடுவது பெருந்தீங்கு என்றும் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சங்கமித்ரா முடிவு செய்தாள். நடுவில் இருப்பது அம்பு. இரண்டு கோடு போட்டால் இதுவும் அதுவும் ஒன்று. அம்பு போட்டால், இது இருந்தது, இனி இருக்காது, இதற்குப் பதில் அது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் சமன்பாடு என்று வைத்த ஆள் யாரோ, அந்த ஆள் வீட்டில் எதுவும் நடந்திருக்காது. திரும்பி வரும் வினைகளும் உண்டு, அவற்றுக்கு மேலும் கீழுமாக இரண்டு அம்பு போடுவார்கள், ஆனால் அது பின்னால் வரும் பாடம், டீச்சர் இன்னும் நடத்தவில்லை. எமிலி டீச்சர் கரும்பலகையில் அம்பை இழுத்தபோது சாக்பீஸ் கீச்சென்றது, வகுப்பே பல்லைக் கடித்தது. பக்கத்து ஆய்வகத்தில் பிளஸ் டூ அக்காக்கள் உப்பைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள் போல, அழுகிய முட்டை நாற்றம் ஜன்னல் வழியாக வந்து உட்கார்ந்தது. இந்தப் பாடவேளை முடிந்தால் மதிய இடைவேளை. மதிய இடைவேளையில் அம்மா வருவாள். சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்பாள். மித்ரா பதில் சொல்ல வேண்டும், அப்பாவோடு திண்டுக்கல்லிலேயே இருந்துகொள்கிறாளா, அம்மாவோடும் தங்கை யசோதராவோடும் இருக்கப் பழனிக்கு வருகிறாளா என்று. நேற்று சாயங்காலம், பக்கத்தில் உட்காரும் தோழி பர்வீன் வீட்டுப் போனில் அம்மா சொன்னது அவ்வளவுதான். "நாளைக்கு மத்தியானம் வர்றேன் மித்து. இங்க ஸ்கூல்ல பேசிட்டேன், சீட்டு இருக்காம். வர்றதுன்னா அப்பவே என்கூட கெளம்பு. இல்லைன்னா இனிமே நான் கேக்க மாட்டேன். உன்னையப் போட்டு இழுக்க மாட்டேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபத்துக்கு எதிர்க்கோபம் பட்டுக்கொள்ளலாம். அம்மா களைப்பாகச் சொன்னாள். அப்பாவுக்குத் தெரியாது. காலையில் அவர் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு லாரி புக்கிங் ஆபீசுக்குக் கிளம்பினார், ஒரு பக்கம் காலர் காதை நோக்கி ஏறியிருந்தது. ஊரில் எல்லார் தவறையும் திருத்துகிற சங்கமித்ரா அதைத் திருத்தவில்லை. வாயைத் திறந்தால் பொத்தானோடு மற்றதும் வந்துவிடும் என்று பயம். தெருமுனை திரும்பும்வரை அந்தக் காலரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இடது பக்கம் என்ன இருக்கோ அது வலது பக்கம் இருக்கணும். அவ்வளவுதான்டி வேதியியல்," என்றார் எமிலி டீச்சர். "ஒரு அணு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. இதுல என்ன பெரிய கம்பசூத்திரம் இருக்கு?" இருந்தது. போன வாரம் இதே பலகையில் தண்ணீரைச் சமன் செய்யச் சொல்லி மித்ராவை எழுப்பினார் டீச்சர். ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் இரண்டு, அம்பு, அந்தப் பக்கம் தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு சரி, ஆக்சிஜன் ஒன்றுதான், ஒன்று குறைகிறது. மித்ரா யோசிக்கவே இல்லை, தண்ணீரின் ஆக்சிஜனுக்குக் கீழே சின்னதாக ஒரு இரண்டைப் போட்டாள். இந்தப் பக்கம் இரண்டும் இரண்டும், அந்தப் பக்கம் இரண்டும் இரண்டும். இதைவிட அழகாக ஒரு கணக்கு முடியாது என்று கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு திரும்பினாள். எமிலி டீச்சர் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார். "ஏண்டி, தாகத்துக்குத் தண்ணி கேட்டவன் வாயில புண்ணு கழுவுற மருந்த ஊத்திட்டியே. அது தண்ணியா? ஹைட்ரஜன் பெராக்சைடு. தலையில தேய்ச்சா முடி வெளுத்துரும், குடிச்சா ஆளு போயிருவான்." வகுப்பு சிரித்தது, பர்வீன் சிரிப்பை அடக்கி இருமினாள். "முன்னாடி போடுற எண்ணத்தான் மாத்தலாம். கீழ இருக்கற சின்ன எண்ணத் தொடக் கூடாது. அதைத் தொட்டா பொருளே வேற ஆயிரும். கணக்கு நேராகணும்ங்கறதுக்காக பொருளையே மாத்துவியா?" மாத்துவாங்க டீச்சர், என்று மித்ரா அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எங்க பெரிய மாமா மாத்தினாரு. அவருடைய பெயிண்ட் கடை மாடியில், டின்கள் அடுக்கிய அறையில், டர்பன்டைன் வாடையில் எல்லாரும் பாய்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பக்கத்துச் சித்தப்பா ஒருத்தர், அம்மா பக்கத்துப் பெரியம்மா ஒருத்தி, நடுவில் பெரிய மாமா. அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்க்காமல் இரண்டு வெவ்வேறு டின்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடிதடி இல்லை, குடி இல்லை, இன்னொருத்தி இல்லை, இன்னொருத்தன் இல்லை. அதனாலேயே யாருக்கும் எங்கே பிடித்துப் பேசுவதென்று தெரியவில்லை. கடைசியில் மாமாதான் தொடையைத் தட்டினார். "பெரியவளுக்குப் படிப்பு இங்க, அவ அப்பன்கிட்ட இருக்கட்டும். சின்னவ அம்மாகிட்ட. ஆளுக்கு ஒண்ணு. யாருக்கும் கொறை இல்ல, யாரும் யாரையும் பேச முடியாது. சரியாப் போச்சா?" சரியாப் போச்சு, என்றார் சித்தப்பா. பெரியம்மா மூக்கைச் சிந்திவிட்டு, நல்ல யோசனைதான் என்றாள். படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மித்ராவும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. அவளுக்கே நிம்மதியாக இருந்தது, அதற்குத்தான் இப்போது வெட்கப்படுகிறாள். மடியில் தலை வைத்திருந்த யசோ, "அக்கா, நாம ரெண்டு பேரும் யாருகிட்ட?" என்று கேட்டாள். அவளுக்கு ஒன்று என்கிற கணக்கே புரியவில்லை. ஆக்சிஜனும் அப்படித்தான், தனியாகக் கிடைக்காது, இரண்டு இரண்டாகத்தான் திரியும், புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது.

முதல் பெஞ்சிலிருந்து ஒவ்வொருத்தியாக எழுப்பிக்கொண்டிருந்தார் டீச்சர். வரிசையாக வருகிறார், இரண்டாம் பெஞ்சு முடிந்தால் மூன்றாம் பெஞ்சு, அதற்குள் மணி அடிக்குமா. அடிக்க வேண்டும் என்றும் அடிக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொள்ள ஒரே சாமியால் முடியாது, இரண்டு சாமி வேண்டும். "என்னடி முடிவு பண்ணிருக்க?" என்று பர்வீன் உதட்டை அசைக்காமல் கேட்டாள். பாடவேளையில் பேசுவதில் அவள் தேர்ச்சி பெற்றவள். "தெரியல." "எங்கம்மா சொல்லுது, பொம்பளப்புள்ள அம்மாகிட்டத்தான் இருக்கணுமாம்." "உங்கம்மாகிட்ட யாரு கேட்டா?" "யாரும் கேக்கல. அது எல்லாத்துக்கும் சொல்லும்." கொஞ்ச நேரம் கழித்து, "நீ போயிட்டா நான் யாருகூட சாப்புடுவேன்?" என்றாள், உடனே தன் நோட்டுக்குள் குனிந்துகொண்டாள். மித்ரா நோட்டின் ஓரத்தில் கூட்டிப் பார்த்தாள். போனால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மூன்று. எப்படிக் கூட்டினாலும் அது சமன் ஆகாது. அப்பா சாயங்காலம் வருவார். பூட்டியிருக்கும். சாவி எடுக்க நாலு பையையும் துழாவுவார், எப்போதும் கடைசிப் பையில்தான் இருக்கும், ஆனாலும் முதல் பையிலிருந்துதான் ஆரம்பிப்பார். உள்ளே வந்து விளக்கைப் போட்டுவிட்டு நிற்பார். என்ன செய்வார் அதற்கப்புறம். அதற்கப்புறம் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவள் இல்லாத வீட்டில் அவர் இருந்து அவள் பார்த்ததில்லை, யாராலும் அப்படிப் பார்க்கவும் முடியாது. விளக்கு வெளிச்சத்தில் அவர் நிற்கிற இடத்தோடு படம் நின்றுவிடுகிறது, மறுபடி சாவி, மறுபடி நாலு பை. பழைய வரலாற்றுப் புத்தகங்களில் பெயர் தேடி மகள்களுக்கு வைத்தவர். சங்கமித்ரா, யசோதரா. ரெண்டுமே வீட்டுல ஒழுங்கா இருந்த பேரா, ஒருத்தி கப்பலேறிப் போனவ, ஒருத்தி புருஷன் விட்டுட்டுப் போனவ, வேற பேரே கெடைக்கலையா உங்களுக்கு, என்று அம்மா ஒருமுறை கேட்டாள். அது சண்டையில் கேட்டதா, சிரித்துக்கொண்டு கேட்டதா என்று இப்போது பிரிக்க முடியவில்லை. சிரிப்பிலும் சண்டையிலும் அம்மாவுக்கு ஒரே குரல். கடைசியாக அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது மித்ராவால்தான். அம்மா, "ஆயிரம் தடவ சொல்லிட்டேன் உங்ககிட்ட," என்று கத்தினாள். கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மித்ரா தலையைத் தூக்காமல், "ஆயிரம் இருக்காதும்மா, மிஞ்சிப்போனா முந்நூறு," என்றாள். ஒரு நிமிஷம் இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அப்புறம் அப்பா மூக்கால் சிரித்தார், அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் நினைத்தாள், சரியான எண்ணைச் சொன்னால் எதுவும் சரியாகிவிடும் என்று. என்ன ஒரு மூடநம்பிக்கை. இதையும் நாட்டில் யாராவது திருத்த வேண்டும்.

பழனி வீட்டுக்குப் போனது ஒரே தடவை, விடுமுறையில். ஒற்றை அறை, தையல் மிஷின், மிஷின் எண்ணெய் வாடை, புது அடுப்பு. திண்டுக்கல்லில் ஒரு அடுப்பு, பழனியில் ஒரு அடுப்பு. இங்கே ஒரு குக்கர், அங்கே ஒரு குக்கர். இரண்டு சிலிண்டர், இரண்டு தோசைக்கல், இரண்டு துடைப்பம். அன்று ராத்திரி அம்மா நடுவில் படுத்தாள், யசோ ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அம்மாவின் முதுகு அவள் பக்கம் இருந்தது, யசோ பயந்து எழுவாள் என்று அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மித்ரா அந்த முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு தூங்கினாள். பதினாறு வயசில் இதை யாரிடமும் சொல்ல முடியாது. பர்வீனிடம்கூட. அப்பா தனியாகிவிடுவார், எண்ணிக்கை கெட்டுவிடும், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் மூன்று என்று எல்லாரிடமும் சொல்லலாம். தன்னிடமும் சொல்லிக்கொள்ளலாம், மாமா தொடையைத் தட்டிய நாளிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறாள். ஆனால் அந்த முதுகு வேண்டும் என்று எப்படிச் சொல்வது. அதற்கு முன்னால் என்ன எண்ணைப் போடுவது.

"சங்கமித்ரா. எந்த ஊர்ல இருக்க?" திடுக்கென்று எழுந்தாள், முட்டி டெஸ்க்கில் இடித்தது. "இங்கதான் டீச்சர்." "இங்க இருந்தா வா இங்க. சமையல் காஸ் எரியுது, எரிச்சுக் காட்டு. பியூட்டேன். கார்பன் நாலு, ஹைட்ரஜன் பத்து. இன்னைக்கு யாரையும் கொன்னுறாத." வகுப்பு சிரித்தது. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பலகைக்குப் போனாள். சாக்பீஸ் வியர்வையில் வழுக்கியது. இடது பக்கம் பியூட்டேன், கூட்டல், ஆக்சிஜன். அம்பு. வலது பக்கம் கார்பன் டை ஆக்சைடு, கூட்டல், தண்ணீர். சின்ன எண்களைத் தொடக் கூடாது. கார்பன் நாலு, ஆகவே அந்தப் பக்கம் கார்பன் டை ஆக்சைடுக்கு முன்னால் நாலு. ஹைட்ரஜன் பத்து, ஆகவே தண்ணீருக்கு முன்னால் ஐந்து. இதுவரை எல்லாம் வழிக்கு வந்தது, முதுகுக்குப் பின்னால் டீச்சரின் மௌனம் நல்ல மாதிரியான மௌனமாக இருந்தது. இனி ஆக்சிஜன். வலது பக்கம் எண்ணினாள். நாலு ரெண்டு எட்டு. ஐந்து ஒன்று ஐந்து. பதின்மூன்று. இடது பக்கம் ஆக்சிஜன் இரண்டு இரண்டாகத்தான் வரும். ஆறு போட்டால் பன்னிரண்டு, ஒன்று குறைகிறது. ஏழு போட்டால் பதினான்கு, ஒன்று மிஞ்சுகிறது. ஆறரை போட்டால் சரியாக வரும், ஆனால் ஆறரை மூலக்கூறு என்று ஒன்று கிடையாது. ஒரு ஜோடியைப் பாதியாகப் பிய்த்து, பாதியை இங்கே வை, பாதியை அங்கே அனுப்பு என்று சொல்ல இது பெயிண்ட் கடை மாடி இல்லை. அழித்தாள். மறுபடி ஆறு. மறுபடி அழித்தாள். ஒரு பக்கத்தை நேராக்கினால் மறுபக்கம் சாய்கிறது, மறுபக்கத்தைத் தூக்கினால் இந்தப் பக்கம் இறங்குகிறது, அப்பா காலர் மாதிரி. பலகையில் அந்த ஒரு இடம் மட்டும் அழித்து அழித்து வெள்ளைப் புகையாகிவிட்டது. கண்ணில் தூள் விழுந்ததா என்னவென்று தெரியவில்லை, எழுத்துகள் நீரில் ஆடின. மணி அடிக்கட்டும். அடிக்க வேண்டாம். அம்மா இப்போது பஸ்ஸிலிருந்து இறங்கியிருப்பாள்.

"எங்கடி சிக்கிருச்சு?" எமிலி டீச்சர் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார். குரலில் கேலி இல்லை. "ஒண்ணு மிச்சம் வருது டீச்சர்." "வரும். ஒத்தப்படையில நின்னா அப்படித்தான். என்ன பண்ணுவ?" "தெரியல டீச்சர்." "அந்த ஒண்ணையே பாத்துக்கிட்டு நின்னா தெரியாது. எல்லாத்தையும் ரெண்டால பெருக்கு." "எல்லாத்தையுமா?" "எல்லாத்தையும். காஸ், காத்து, பொகை, தண்ணி, எல்லாத்தையும்." பெருக்கினாள். பியூட்டேன் இரண்டு, ஆக்சிஜன் பதின்மூன்று ஜோடி, கார்பன் டை ஆக்சைடு எட்டு, தண்ணீர் பத்து. டீச்சர் விரலால் பலகையைத் தட்டித் தட்டி எண்ணினார். கார்பன் எட்டு, எட்டு. ஹைட்ரஜன் இருபது, இருபது. ஆக்சிஜன் இருபத்தாறு, இருபத்தாறு. "பாத்தியா? வந்துருச்சுல்ல. போயி உக்காரு." மித்ரா உட்காரப் போகாமல் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் இரண்டால் பெருக்கியாகிவிட்டது. இரண்டு அடுப்பு, இரண்டு குக்கர், இரண்டு துடைப்பம். எண்ணிக்கை ஒன்றுகூடத் தவறவில்லை, இருபத்தாறு பேரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் இடது பக்கத்தில் எழுதியிருந்த காஸ் எரிந்துவிட்டது. சமன் செய்தாலும் எரிந்துவிட்டது, செய்யாவிட்டாலும் எரிந்திருக்கும். இந்த எண்களெல்லாம் நெருப்பு அணைந்த பிறகு வந்து தலையை எண்ணிப் பார்க்கிறவர்கள் மாதிரி, யார் எங்கே போனார்கள் என்று மட்டும் சொல்வார்கள், யார் எங்கே போயிருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. அவள் இத்தனை நாள் அவர்களிடம் போய் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னடி, வேற சந்தேகமா?" "இல்ல டீச்சர்," என்றாள். இருந்தது, ஆனால் அது வேதியியல் இல்லை. மனதுக்குள் அப்பா மறுபடி விளக்கைப் போட்டுவிட்டு நின்றார். அவள் அவரை அங்கேயே நிற்கவிட்டாள். மணி அடித்தது.

சைக்கிள் கொட்டகைப் பக்கம் அம்மா ஊதாப் புடவையில், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சாம்பார் வாசனையும் தட்டுகளின் சத்தமும் சத்துணவுக் கூடத்திலிருந்து வந்தன. மித்ரா டிபன் பாக்ஸோடு போய் நின்றாள். "சாப்டியா?" "இல்ல." "என்ன கொண்டாந்த?" "தக்காளி சாதம். அப்பா செஞ்சாரு." அம்மா பாக்ஸை வாங்கித் திறந்தாள். ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றாள். வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "பரவால்லியே, தாளிக்கல்லாம் செய்யுறாரு," என்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். மித்ராவுக்கு ஒரு வாய் ஊட்டினாள், சுற்றிலும் பெண்கள் போய்க்கொண்டிருந்தும் மித்ரா வாங்கிக்கொண்டாள். "யசோ என்ன பண்றா?" "பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். அக்கா வருவாளா வருவாளான்னு கேட்டுக் கேட்டு உயிரெடுத்துட்டா. நான் ஒண்ணும் சொல்லல அவகிட்ட." அம்மா பாக்ஸை மூடினாள், மூடி சரியாகப் பொருந்தவில்லை, திறந்து மறுபடி மூடினாள். "என்ன சொல்ற மித்து?" மித்ரா கொட்டகைக் கூரையைப் பார்த்தாள். "கோயிலுக்குப் போறோம்னு ஆபீஸ்ல சொல்லிக்கலாம்," என்றாள். "பையி வகுப்புல இருக்கு." "சரி, போயி எடுத்துட்டு வா," என்றாள் அம்மா. அவள் குரல் உடைந்ததை இருவரும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். "ராத்திரி அவருக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்." "வேண்டாம்மா," என்றாள் மித்ரா, "நான் சொல்றேன்." பர்வீன் மட்டும் வகுப்பில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மித்ரா பையை எடுத்தபோது அவள் தலையைத் தூக்கவில்லை, தன் முட்டையில் பாதியைப் பிட்டு மூடியில் வைத்து நீட்டினாள். மித்ரா நின்றபடியே தின்றாள்.

மறுநாள் காலை பால் பூத்தில் அவள் அப்பா வழக்கமான அரை லிட்டர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கால் லிட்டர் கேட்டு வாங்கிக்கொண்டார்.